சத்தியபாய் ஏலத்தில் எடுத்த காளை

சிதறாலுக்கு மேற்கே பனவிளை சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை பாதி, ஏலம் பாதி. முதற்பலன் என்று ஆட்கள் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைக்கும் வாழைக்குலை, மரச்சீனி, தேங்காய், பூசணி, கால் கட்டிய கோழி எல்லாம் ஆராதனை முடிந்ததும் முற்றத்துக்கு வந்துவிடும். அங்கே குமாரதாஸ் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாக ஏலம் விளிப்பார். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்பதில்லை. திரும்ப வைத்துவிடலாம். ஒரே பூசணி நாலு பேருக்குச் சொந்தமாகிக் கடைசியில் வைத்தவர் வீட்டுக்கே போய்ச் சேர்வதும் உண்டு.

எங்கும் எழுதி வைக்காத ஒரு மரியாதையும் அங்கே இருந்தது. யார் வைத்த பொருளானாலும் கேட்பார் இல்லாமல் நின்றுவிடக் கூடாது. நின்றுவிட்டால் அது பொருளுக்கு வந்த குறைவல்ல, வைத்த வீட்டுக்கு வந்த குறைவு. அதற்காகவே சிலர் வாங்கும் எண்ணம் இல்லாமல் கை தூக்குவார்கள். ஒரு படி ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். சத்தியபாய் அந்த ரகம். சொத்தைத் தேங்காயோ, வாடிய கீரைக்கட்டோ, முதல் கை அவளுடையதாக இருக்கும். அவள் கை உயர்ந்தால் பின்னாலேயே இன்னொரு கை உயரும் என்பது குமாரதாசுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு பொருளும் அவள் தலையில் நின்றதில்லை.

பத்தாம் வகுப்பில் தோற்றதும் அவளை அண்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். மேற்கே முந்திரி ஆலையை அப்படித்தான் சொல்வார்கள். வறுத்த அண்டியைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிப் பருப்பெடுக்கும் வேலை. அதன் எண்ணெய் விரலைக் கறுப்பாக்கித் தோலை உரிக்கும். சாம்பலில் கையைப் புரட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அண்டி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அவள் மடியில் ஓடு கழன்று, பருப்பாக மறுபடியும் கப்பலேறிப் போனது. சாக்கில் அச்சடித்திருந்த ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்ததுதான் அவள் கற்ற பூகோளம். ஒரு பருப்பை வாயில் போட்டால் வேலை போகும். பாதி உலகம் சுற்றி வந்த பண்டம் தன் மடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறதே என்றெல்லாம் அப்போது தோன்றியதில்லை. பசித்திருப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை. வறுக்கும் புகை மட்டும் தெரியும். கண்ணைக் கரிக்கும், தலைமுடியில் ஏறும், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடும்போதும் மணக்கும்.

ராஜையனைக் கட்டிக்கொண்டதும் ஆபீசை விட்டாள். ராஜையனுக்குச் சந்திப்பில் மாட்டிறைச்சிக் கடை. சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறு ஆராதனை விட்ட பிறகும் நல்ல கூட்டம் இருக்கும். களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகும் லாரிகளிலிருந்து ஒன்றிரண்டு மாட்டை இறக்கிக்கொள்வார். நேர்மையான வியாபாரி. எருமையைக் காளை என்று சொல்லி விற்றதில்லை. ஆனால் பேச்சு வராது. பாட வராது. ஜெபம் பண்ணச் சொன்னால் இரண்டாவது வாக்கியத்தில் முட்டி நிற்பார். சபையில் அவருக்கென்று ஓர் இடம் இருந்ததென்றால் அது அறுப்பின் பண்டிகை விருந்தன்று இறைச்சி வேகும் வார்ப்புக்குப் பக்கத்தில்தான். அன்றைய மாடு அவர் கொடுப்பது. லாபம் வைக்க மாட்டார். விருந்து முடிந்து கை கழுவப் போகிறவர்கள் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தலையசைப்புகளை வைத்துக்கொண்டு அவர் அடுத்த பண்டிகை வரை இருந்துவிடுவார்.

மகன் ஸ்டெனி கத்தாரில் இருந்தான். கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதமே அவன் திரும்பிப் போக, மருமகள் ஜாஸ்மி இவர்களோடு இருந்தாள். தக்கலைக்காரி. சுற்றுச்சூழல் படித்தவள். திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்துக்காக வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று சத்தியபாய் கேட்டபோது ஜாஸ்மி ஒரு தட்டு சோற்றைக் காட்டித்தான் சொன்னாள். இந்தச் சோறு வயலில் தொடங்கித் தட்டுக்கு வருகிறவரை எவ்வளவு புகையை, எவ்வளவு வாயுவை வானத்தில் விட்டது என்று கணக்குப் பார்ப்பது. உரம் செய்கிற ஆலை, தண்ணீர் இறைக்கும் மோட்டார், லாரி, அடுப்பு, கடைசியில் கொட்டிப்போய் அழுகுவது வரை. சத்தியபாய் அண்டி ஆபீசைப் பற்றிச் சொன்னாள். ஜாஸ்மி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். அந்த வீட்டில் சத்தியபாயிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை. சோறு ஆயிற்றா, சாவி எங்கே, இவ்வளவுதான் அதுவரை அவளிடம் வந்த கேள்விகள். ஜாஸ்மி, மாமிக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேட்டாள். பதில் சொல்ல அவளுக்கு ஒரு நாள் ஆயிற்று. தீயல் என்று மறுநாள் சொன்னாள்.

ஜாஸ்மி இறைச்சி தின்பதில்லை. முன்னால் தின்றவள்தான், இந்த வேலைக்குப் பிறகு விட்டாள். ராஜையன் அதை முதலில் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். எறச்சிக் கடைக்காரன் வீட்டுக்கு வந்த மருமகளைப் பாரு என்று கடையில் சொல்லிச் சிரித்தார். அவரே சொல்லிச் சிரித்ததால் மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் புதிதாக வந்த போதகர், பண்டிகை விருந்தைப் பூமிக்குப் பாரமில்லாமல் நடத்தலாமே என்று கமிட்டியில் சொன்னார். அதைப் பற்றிப் பேச ஜாஸ்மியைக் கூப்பிட்டார். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி என்ற முறையில் சத்தியபாயும் அங்கே இருந்தாள். ராஜையன் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். எல்லோர் கையிலும் சாயா.

லாரியைக் குறைக்கச் சொல்வாள், பக்கத்து ஊர்க் காய்கறி வாங்கச் சொல்வாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஜாஸ்மி அதைச் சொல்லவில்லை. அரிசி ஆந்திராவிலிருந்து வந்தாலும், காய்கறி ஆரல்வாய்மொழி தாண்டி வந்தாலும், அந்த லாரிப் புகை மொத்தக் கணக்கில் சின்னப் பங்குதான் என்றாள். எங்கிருந்து வருகிறது என்பதைவிட என்ன தின்கிறோம் என்பது பெரிது. நம் விருந்தில் மற்ற எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து இறைச்சி வார்ப்பை மறு தட்டில் வைத்தால் வார்ப்புதான் இறங்கும். மாடு அசைபோடும்போது வயிற்றில் உண்டாகும் வாயு ஏப்பமாக வெளியே வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. ஆனால் பூமியின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வல்லது.

"பின்ன மாட்டுக்குக் கொஞ்சம் ஓமத்திரவம் குடுத்தாப் போதுமே" என்றான் இளைஞர் சங்கத்து ஷாஜன். எல்லோரும் சிரித்தார்கள். ஜாஸ்மியும் சிரித்தாள். அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், இதெல்லாம் யார் சொல்லித் தந்தது மக்கா என்று தணிந்த குரலில் கேட்டார். இன்றைக்கு இந்தக் காரணம் சொல்லி இறைச்சி வேண்டாம் என்பார்கள், நாளைக்கு வேறு காரணம் சொல்லி மாட்டைத் தொடவே கூடாது என்பார்கள் என்றார். யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அந்த அறையில் யாருக்கும் இருக்கவில்லை. ஜாஸ்மி வாயுவைப் பற்றிப் பேச வந்தவள். தன் பேச்சுக்கு இப்படி ஒரு பின்கட்டு உண்டென்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் முகம் வெளிறிப் போனதைச் சத்தியபாய் பார்த்தாள்.

அப்போதுதான் ராஜையன் பேசினார். சபையில் அவர் முட்டாமல் பேசியது அன்று ஒரு நாள்தான். கையில் இருந்த கிளாசைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த சாயாவுல பால் உண்டுல்லா? பால் வத்தின மாட்டை எங்க கொண்டு விடணும்? உழுத காளைக்கு வயசானா எங்க கொண்டு விடணும்? மாட்டை நான் உண்டாக்கல்ல. நீங்க எல்லாரும் குடிச்சு மிச்சம் வச்சதைத்தான் நான் வெட்டுறேன்."

நியாயமான பேச்சு. ஜாஸ்மிக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் அதை ஒத்துக்கொண்டாள்.

"அது சரிதான் மாமா. பாலும் கணக்குல உண்டு."

அவள் நேர்மையாகச் சொன்னது. ஆனால் ராஜையனுக்கு அது வேறுவிதமாக விழுந்தது. இறைச்சியை எடுத்தாயிற்று, இப்போது பாலையும் எடுக்கிறாள் என்று நினைத்தார். உண்மையை ஒத்துக்கொள்வதால் சமாதானம் வரும் என்று படித்தவர்கள் நம்புகிறார்கள். பல நேரம் அது எதிராளியிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தையும் வாங்கி வைத்துக்கொள்வதாக முடிகிறது.

போதகர் சத்தியபாயைப் பார்த்தார். பெண்கள் ஐக்கியம் என்ன சொல்கிறது என்று கேட்டார். அவளுக்கு ஒரு பக்கம் ஜாஸ்மியின் வெளிறிய முகம். மறுபக்கம் கிளாசைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ராஜையன். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். பாதி இறைச்சி, பாதி காணம் வைக்கலாமே என்றாள். காணம் என்பது கொள்ளு. அந்தப் பக்கத்தில் தேங்காய் போட்டுத் துவரன் வைப்பார்கள்.

ராஜையன் எழுந்தார். "பாதி மாட்டை வெட்ட எனக்கு அறியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் இல்லாமல் இறைச்சி ஏது. காணத் துவரன், அவியல், ஏத்தங்காய் வறுவல், பருப்பு, பப்படம், பாயசம் என்று முடிவாயிற்று. ஜாஸ்மி ஜெயித்ததாக ஊர் சொன்னது. ஜெயித்தவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் ராஜையனும் ஜாஸ்மியும் ஒருவரோடொருவர் பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. எல்லாம் சத்தியபாய் வழியாகப் போயிற்று. கரண்டு பில் கட்டியாச்சா என்று அவளட்ட கேளு என்பார் ராஜையன், மூன்றடி தள்ளி ஜாஸ்மி நிற்கும்போதே. கட்டியாச்சுன்னு மாமாட்ட சொல்லுங்க மாமி என்பாள் ஜாஸ்மி. சத்தியபாய் சொல்லவே வேண்டாம், இருவருக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவள் சொல்லும்வரை இருவரும் காத்திருப்பார்கள். ராஜையன் கடையிலேயே அடுப்பு வைத்து இறைச்சி வறுத்துத் தின்றுவிட்டு வந்தார். வீட்டில் இறைச்சி வேகவில்லை என்பதில் ஜாஸ்மிக்கு மகிழ்ச்சி இல்லை. தன்னால்தான் வேகவில்லை என்பது அவளை உறுத்தியது.

ஒரு நாள் துவைக்கிற கல்லுப் பக்கம் நின்றுகொண்டு ஜாஸ்மி சொன்னாள்.

"பண்டிகை கழிஞ்சதும் நான் எங்க வீட்டுக்குப் போறேன் மாமி. ஸ்டெனி விசா எடுக்கது வரைக்கும் அங்க நிக்கலாம்னு பாக்கேன்."

ஏன் மக்கா என்று கேட்க வேண்டியிருந்தது, சத்தியபாய் கேட்டாள். மாமா அந்த விருந்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தால் போதும் என்றாள் ஜாஸ்மி. காணத்தைத் தின்ன வேண்டும் என்பதில்லை, உட்கார்ந்தால் போதும். அவர் வராமல் இருந்துவிட்டால் தன் மாமனாரைச் சபைக்கு வெளியே நிறுத்தியவள் என்று ஆகிவிடும். அந்தப் பெயரோடு இந்த வீட்டில் இருக்க முடியாது.

அவள் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் சத்தியபாய்க்குக் கோபமாவது வந்திருக்கும். சத்தியபாய் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். இந்தப் பெண் போய்விட்டால் மறுபடியும் சோறு ஆயிற்றா, சாவி எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவே தான் இருக்கப்போவதை நினைத்தாள். வருஷக்கணக்கில் அப்படி இருந்தவள்தான். அப்போது அது அப்படித் தெரியவில்லை.

பண்டிகைக்கு வருவீர்களா என்று ராஜையனிடம் கேட்டாள். வருவேன், முதற்பலன் கொண்டுவருவேன் என்றார். அதற்கு முன் அவர் முதற்பலன் என்று எதுவும் வைத்தது கிடையாது. அவர் கொடுக்கும் மாடே முதற்பலனாக இருந்தது.

பண்டிகை நாளில் முதல் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு மாட்டின் குரல் கேட்டது. ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ராஜையன் ஒரு காளையை நடத்திக்கொண்டு வந்து முற்றத்துப் பலாமரத்தில் கட்டினார். வண்டியில் உழைத்துத் தேய்ந்த காளை. கழுத்தில் நுகத்தடி இருந்த இடம் தடித்துப்போயிருந்தது. குளிப்பாட்டிக் கொம்பில் தோவாளைக் கேந்திப்பூச் சரத்தைச் சுற்றியிருந்தார். கட்டிவிட்டு உள்ளே வந்து எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். பிரசங்கத்தின் நடுவே அது இன்னும் இரண்டு தடவை கத்தியது. போதகர் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

ஏலம் தொடங்கிற்று. வாழைக்குலைகள் போயின, பாதிக்கு மேல் மார்த்தாண்டம் சந்தையில் வாங்கி வந்த குலைகள் என்பது எல்லோருக்கும் தெரியும். கோழி போயிற்று. பூசணி மூன்று தடவை கை மாறிற்று. கடைசியில் மிஞ்சியது பலாமரத்தடி. குமாரதாஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். நீங்களே சொல்லுங்க என்பதுபோல ராஜையனைப் பார்த்தார்.

"எனக்கு வயலும் இல்ல, விளையும் இல்ல" என்றார் ராஜையன். "எனக்க கைக்கு வாற பலன் இதிலேருந்துதான். அதுனால இதைக் கொண்டுவந்தேன். வெட்டாண்டாம்னு சொன்னவங்க எடுத்து வளக்கட்டும். யாரும் எடுக்கல்லன்னா நான் கூட்டிட்டுப் போறேன். நான் கூட்டிட்டுப் போனா என்ன செய்வேன்னு எல்லாருக்கும் அறியும்."

குமாரதாஸ் விளித்தார். ஒரு கையும் உயரவில்லை.

இறைச்சி வேண்டும் என்று கமிட்டியில் பேசியவர்கள் போதகரைப் பார்த்தார்கள். இதை எடுத்தால் விருந்து நாளில் அவருக்கு எதிராக எடுத்தது போல ஆகும். வேண்டாம் என்றவர்களுக்கு மாடு கட்ட இடமில்லை. ரப்பர் மரத்துக்கு நடுவே யார் மாடு வளர்ப்பார்கள். நெல் விளைந்த ஏலா முழுக்க வாழையும் வீடுமாக ஆனபிறகு உழுவதற்கும் காளை யாருக்கும் வேண்டாம். ஜாஸ்மி பந்திக்கு எடுத்து வைத்த காணத் துவரன் வாளியோடு சமையல் பந்தலின் ஓரத்தில் அப்படியே நின்றாள். கூட்டத்தில் பலபேர் காளையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள்.

குமாரதாஸ் இரண்டாம் தடவை விளித்தார். சத்தியபாய் தன் கணவரைப் பார்த்தாள். சவாலாகப் பேசியவரின் முகம் இல்லை அது. கயிற்றின் நுனியைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பந்தலுக்குப் பக்கத்தில், வார்ப்பு இல்லாத இடத்தில், தன் பொருளை யாரும் கேட்காமல் நிற்கும் ஆளாக முதல்தடவை நின்றார். அவர் கயிற்றை அவிழ்த்து நடக்கத் தொடங்கினால் பந்தியில் உட்கார மாட்டார். உட்காராவிட்டால் சாயங்காலம் ஜாஸ்மியின் பெட்டி வாசலுக்கு வரும்.

அவள் கை உயர்ந்தது.

யோசித்துத் தூக்கினாளா என்று பிறகு பலபேர் கேட்டார்கள். அவளுக்கே தெரியாது. வாடிய கீரைக்கட்டுக்கு உயரும் கை அது; இரண்டாவது கை பின்னாலேயே வரும் என்று பழகிப்போன கை. குமாரதாசின் முகத்தில் உயிர் வந்தது. சுற்றிலும் பார்த்தார். அடுத்த படிக்கு விளித்தார்.

இரண்டாவது கை வரவில்லை.

கெட்ட எண்ணத்தால் அல்ல. வீட்டுப் பிரச்சினையை வீட்டுக்காரியே தீர்த்துக்கொண்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நல்ல முடிவுதானே, நாம் ஏன் போட்டிக்குப் போக வேண்டும் என்று ஒதுங்கினார்கள். ஒரு சபை முழுக்க அவள்மேல் இரக்கப்பட்டுக் கைகளை மடக்கிக்கொண்டது. மூன்றாம் விளி முடிந்தது. குமாரதாஸ் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, திரும்ப வைக்கியளா அக்கா என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். திரும்ப வைத்தால் மறுபடியும் யாரும் எடுக்க மாட்டார்கள். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். ராஜையன் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

அன்று அவர் பந்தியில் உட்கார்ந்தார். தன் பொருள் கேட்பார் இல்லாமல் நிற்கவில்லை, அது போதுமாயிருந்தது. கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்து இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். காணத்தோடு வந்தது ஜாஸ்மி. அவள் குனிந்து விளம்பினாள். அவர் ஒரு வாய் தின்றார்.

"உப்பு கொறவு" என்றார், நேராக அவளைப் பார்த்து.

அவள் ஓடிப்போய் உப்பு கொண்டுவந்தாள். அவர் இரண்டாம் தடவையும் காணம் வாங்கிக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அவ்வளவு நன்றாக இருக்கவும் இல்லை.

ஜாஸ்மி தக்கலைக்குப் போகவில்லை. காளை வீட்டுக்கு வந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் ஸ்டெனியின் பழைய பைக் நின்ற சாய்ப்பில் கட்டினார்கள். ஏலத் தொகையை ராஜையனே சபைக்குக் கட்டினார். தன் காளைக்குத் தானே விலை கொடுத்த ஆள் என்று கடையில் அவரைக் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் சாய்ப்பின் முன்னால் நின்று சத்தியபாயிடம் சொன்னார்.

"மாடு ஒனக்கு உள்ளது. வெட்டணுமா வேண்டாமான்னு நீ சொல்லு. நான் இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே விட்டுக்கொடுத்திருந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜாஸ்மி மறுநாள் வைக்கோல் போட வந்தாள். காளையின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மாமி, இதைச் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்பீர்கள் என்று தொடங்கினாள். இது உயிரோடு நிற்கிற ஒவ்வொரு நாளும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். வெட்டி வார்ப்பில் போட்டிருந்தால் அன்றோடு நின்றிருக்கும். இது நிற்க நிற்க, தின்னத் தின்ன, கணக்கு ஏறிக்கொண்டே போகும். வெட்டச் சொல்கிறாயா என்று சத்தியபாய் கேட்டாள். ஜாஸ்மி காளையின் கழுத்துத் தடிப்பைத் தடவினாள்.

"எனக்கு அதைச் சொல்ல வராது மாமி" என்றாள். "முகத்தைப் பாத்தாச்சுல்லா."

சத்தியபாய் ஒவ்வொரு வழியாகப் பார்த்தாள். விற்கலாம். வாங்குகிறவன் யாராக இருந்தாலும் களியக்காவிளை தாண்டி அதே வேலைக்குத்தான் கொண்டுபோவான். ஊருக்குத் தெரியாமலா போகும். ஜாஸ்மி ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். வயதான மாடுகளை வைத்துப் பராமரிக்கிற கோசாலைகள் உண்டு, அங்கே விடலாம். ராஜையன் கொண்டுவைத்த முதற்பலனைத் தர்மத்துக்கு விட்டதாகப் பேச்சு வரும். கடையில் கேலி செய்கிறவர்கள் அப்போது அவரும் சிரிக்கும்படியாகக் கேலி செய்ய மாட்டார்கள். ராஜையன் கையில் கொடுக்கலாம். அவர் சத்தமில்லாமல் கூட்டிப்போவார். மறுநாள் ஜாஸ்மி ஒன்றும் சொல்லமாட்டாள், ஒன்றும் கேட்கவும் மாட்டாள். கேள்வி கேட்காத ஜாஸ்மி அந்த வீட்டில் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

வைக்கோல் தோவாளைப் பக்கத்திலிருந்து மினி லாரியில் வந்தது. லாரி புகையைக் கக்கிக்கொண்டு முற்றத்தில் திரும்பியபோது ஜாஸ்மி அதைப் பார்த்துவிட்டுச் சத்தியபாயைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றபோது இருவருமே கொஞ்சம் களைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு குளோரி வேலியோரம் வந்து நின்று காளையை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாலும் கெடையாது, உழவும் கெடையாது, எறச்சியும் கெடையாது. பின்ன இது என்னத்துக்கு சத்தியா?"

கிடக்கட்டும் என்றாள் சத்தியபாய்.

ஆனால் ஒன்றை அவள் கவனித்திருந்தாள். ராஜையன் கடையிலிருந்து வரும்போது வாழைத்தண்டு கொண்டுவந்தார். நறுக்கிப் போடு, பெரிசாப் போட்டா தொண்டையில அடைக்கும் என்று ஜாஸ்மியிடம் நேராகச் சொன்னார். ஜாஸ்மி, மாமா இதுக்கு இடது கண்ணுல தண்ணி வடியுது என்றாள். அவர் போய்ப் பார்த்தார். மாடுகளின் கண்ணை அவர் அதற்கு முன் அப்படிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை; பார்க்கவேண்டிய தேவை இருந்ததில்லை. இருவரும் சாய்ப்பில் நின்று பேசுவது அடுக்களைக்குக் கேட்கும். சமாதானம் என்று அதைச் சொல்ல முடியாது. யாரும் மனம் மாறவில்லை. ராஜையன் கடைக்குப் போனார், வெட்டினார். ஜாஸ்மி கணக்குப் போட்டாள். காளை நின்றதால் இருவருக்கும் பேச ஒன்று இருந்தது, அவ்வளவே.

இருவரும் தனித்தனியே அவளிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்கள். என்ன முடிவு பண்ணினே என்று ராஜையன் கேட்பார். என்ன மாமி யோசிச்சிருக்கிய என்று ஜாஸ்மி கேட்பாள். ஒரு காலத்தில் கேள்விக்கு ஏங்கியவள் சத்தியபாய். இப்போது வந்த இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் கேட்டவர்களில் ஒருவர் போய்விடுவார். பண்டிகை அசதி தீரட்டும் என்றாள் முதலில். மழை விடட்டும் என்றாள். பிறகு கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றாள். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, ஸ்டெனி லீவில் வரட்டும், அவனட்டயும் கேக்கணும்லா என்றாள். இருவரும் சரி என்றார்கள். அவர்களுக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் முடிவு சொல்லாமல் இருக்கும் வரைதான் அந்த வீடு நிற்கும் என்பதை மூவருமே அறிந்திருந்தார்கள்போல.

சாயங்காலம் தண்ணீர் காட்டப் போவாள். காளை குடித்துவிட்டுத் தலையைத் தூக்கும். தாடையை ஒரு பக்கமாக ஆட்டி அசைபோடும். கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் ஏதோ உருண்டு வந்து வெளியேறும். அண்டி ஆபீசின் புகை கண்ணுக்குத் தெரிந்தது, கரித்தது, வேலையை விட்டதும் அது தலைமுடியிலிருந்து போய்விட்டது. இது தெரியவில்லை. மணக்கவும் இல்லை. முகத்தில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு மட்டும் படும். அது மேலே போய் எங்கேயோ தங்குகிறது என்று ஜாஸ்மி சொன்னதை அவள் நம்பினாள். நம்பிக்கொண்டே வைக்கோலை உதறி முன்னால் போட்டாள். பின்னால் அடுக்களையில் ராஜையனும் ஜாஸ்மியும் தவிடு தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கயிறு அவிழ்ந்திருக்கிறதா என்று அவள் பார்த்துவிட்டு, முளையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினாள்.